தபால் வாக்குக்கு எது கடைசி நாள்? நெருக்கமான தேர்தல்களில் கெடு செய்யும் வேலை

2017 நவம்பர் 7 அன்று அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலச் சட்டமன்றத்துக்குத் தேர்தல் நடந்தது. மறுநாள் காலை ஸ்டாஃபர்ட் கவுன்டியின் (கவுன்டி என்பது நம் மாவட்டம் போன்ற பிரிவு) தேர்தல் அலுவலகத்துக்கு 55 தபால் வாக்குகள் வந்து சேர்ந்தன. அப்போதைய வர்ஜீனியா சட்டப்படி, தேர்தல் நாள் மாலை 7 மணிக்கு வாக்குச்சாவடி மூடுவதற்குள் தபால் வாக்கு அலுவலகத்தில் இருக்க வேண்டும். எனவே அந்த உறைகள் எண்ணிக்கையில் சேர்க்கப்படவில்லை. அந்தக் கவுன்டியின் ஒரு பகுதியை உள்ளடக்கிய 28-வது தொகுதியில் குடியரசுக் கட்சி வேட்பாளர் 82 வாக்கு முன்னணியில் இருந்தார். மறு எண்ணிக்கையில் அது 73 ஆனது.

கணக்கு போட்டுப் பார்த்தால், 55 வாக்குகளும் இதே தொகுதியைச் சேர்ந்தவை, அத்தனையும் ஜனநாயகக் கட்சிக்கே விழுந்தவை என்று வைத்துக்கொண்டாலும் 73-ஐத் தாண்டாது. அப்படியிருந்தும் கட்சிகள் நீதிமன்றம் வரை போனதற்குக் காரணம் உண்டு. அதே வட்டாரத்தில் நூற்றுக்கும் மேற்பட்டோருக்குத் தவறான தொகுதியின் வாக்குச்சீட்டு தரப்பட்டிருந்தது. இரண்டையும் சேர்த்தால் முடிவு நிச்சயமில்லாமல் போகிறது. போதாக்குறைக்கு, 94-வது தொகுதியில் இருவரும் சம வாக்கு பெற்று, கிண்ணத்திலிருந்து சீட்டு எடுத்து வெற்றியாளரைத் தீர்மானித்தார்கள். அதன் பிறகு சட்டமன்றத்தில் குடியரசுக் கட்சிக்கு 51, ஜனநாயகக் கட்சிக்கு 49. ஒரு தொகுதி கை மாறியிருந்தால் 50-க்கு 50.

கெடு எப்படி வேலை செய்கிறது என்பதற்கு இது நல்ல மாதிரி. அது தனியாக ஒரு தேர்தலைக் கவிழ்ப்பது அபூர்வம். வித்தியாசம் மிகக் குறைவாக இருக்கும்போது, வேறு பிழைகளோடு சேர்ந்து கனம் பெறுகிறது.

அமெரிக்காவில் இதற்கு நாடு முழுவதற்குமான ஒரே விதி கிடையாது. மாநிலங்கள் பொதுவாக இரண்டு வழிகளில் ஒன்றைப் பின்பற்றுகின்றன. ஒன்று, தேர்தல் நாளன்று குறிப்பிட்ட மணிக்குள் வாக்கு அலுவலகத்துக்கு வந்து சேர்ந்தாக வேண்டும். மற்றொன்று, தேர்தல் நாளுக்குள் அஞ்சல் முத்திரை விழுந்திருந்தால் போதும், அப்புறம் சில நாட்கள் கழித்து வந்தாலும் ஏற்பார்கள். கலிஃபோர்னியா 7 நாள் தருகிறது, இலினாய் 14 நாள். டெக்சஸ் மறுநாள் மாலை 5 மணி வரை மட்டுமே காத்திருக்கும். ஆக, ஒரே நாளில் ஒரே மாதிரி தபாலில் போட்ட இரண்டு வாக்குகளில் ஒன்று எண்ணப்படும், இன்னொன்று குப்பைக்குப் போகும். எந்த மாநிலத்தில் குடியிருக்கிறீர்கள் என்பதுதான் வேறுபாடு.

இது மட்டுமல்ல, கெடுக்கள் இன்னும் இருக்கின்றன. வாக்குச்சீட்டு கேட்டு விண்ணப்பிக்க ஒரு கெடு. உறையில் கையெழுத்து பொருந்தவில்லை என்றால் அதைச் சரிசெய்ய ஒரு கெடு. கடைசியில், மாவட்டமும் மாநிலமும் முடிவைச் சான்றளிக்க ஒரு கெடு. செய்திகளில் முதலில் சொன்ன வருகைக் கெடு மட்டும்தான் அடிபடுகிறது. வாக்குகள் உதிர்வது எல்லா இடங்களிலும்தான். 2020 பொதுத்தேர்தலில் நாடு முழுவதும் திரும்பி வந்த தபால் வாக்குகளில் சுமார் 5.6 லட்சம், அதாவது 0.8 சதவீதம், நிராகரிக்கப்பட்டதாக மத்தியத் தேர்தல் உதவி ஆணையத்தின் கணக்கு சொல்கிறது. கையெழுத்துப் பொருந்தாமை, தாமதம் ஆகியவை முக்கியக் காரணங்கள்.

சரி, எவ்வளவு தாமத வாக்கு இருந்தால் முடிவு மாறும்? இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். 500 வாக்கு வித்தியாசம், 1,000 தாமத வாக்கு என்று கேட்டவுடன் 'அடேயப்பா, முடிவே மாறியிருக்கும்' என்று தோன்றும். ஆனால் அந்த 1,000-ம் ஒரே பக்கம் விழாது. 60-க்கு 40 என்று பிரிந்தால் பின்தங்கியவருக்குக் கிடைக்கும் நிகர லாபம் 200 தான். 500-ஐ ஈடுகட்ட அதே விகிதத்தில் 2,500 வாக்கு வேண்டும். பிரிவு 55-க்கு 45 என்றால் 5,000 வேண்டும். எனவே தாமத வாக்குகளின் எண்ணிக்கையை மட்டும் வைத்துப் பேசுவது பயனற்றது. அவை எந்தப் பக்கம், எவ்வளவு சாய்ந்திருக்கின்றன என்பதும் தெரிய வேண்டும்.

இந்தக் கணக்கு உண்மையிலேயே முடிவைத் தொட்ட தேர்தல் ஒன்று உண்டு. 2000-ல் புளோரிடா. குடியரசுக் கட்சியின் ஜார்ஜ் புஷ் அந்த மாநிலத்தை 537 வாக்குகளில் வென்று அதிபரானார். சரியாகத் துளை விழாமல் வாக்குச்சீட்டில் தொங்கிய காகிதத் துண்டுகளையும், பாம் பீச் கவுன்டியின் குழப்பமான வாக்குச்சீட்டையும் எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். வெளிநாட்டிலிருந்து வந்த தபால் வாக்குகளை மறந்துவிட்டார்கள். புளோரிடாவில் உள்ளூர் தபால் வாக்குக்குத் தேர்தல் நாள்தான் கெடு. வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு மட்டும் கூடுதலாக 10 நாள். இந்த 10 நாளை மாநிலம் மனமுவந்து கொடுக்கவில்லை. உட்கட்சித் தேர்தல்களைத் தாமதமாக நடத்தியதால் வெளிநாட்டு வாக்காளர்களுக்கு வாக்குச்சீட்டு நேரத்துக்குப் போய்ச் சேரவில்லை என்று மத்திய அரசு 1980-களில் தொடர்ந்த வழக்கின் விளைவு அது.

தேர்தல் நாளுக்குப் பிறகு வந்து எண்ணப்பட்ட வெளிநாட்டு வாக்குகள் 2,490. அவற்றில் புஷ்ஷுக்கு 1,575, ஜனநாயகக் கட்சி வேட்பாளர் அல் கோருக்கு 836. வித்தியாசம் 739. இறுதி வெற்றி வித்தியாசமோ 537. அந்த வாக்குகள் கணக்கில் சேராமல் இருந்திருந்தால் கோர் 202 வாக்கில் முன்னணியில் இருந்திருப்பார். 2001 ஜூலையில் நியூயார்க் டைம்ஸ் வெளியிட்ட நீண்ட புலனாய்வு இன்னொன்றையும் காட்டியது: அந்த 2,490-ல் 680 வாக்குகள் விதிகளின்படி பார்த்தால் குறையுள்ளவை. முத்திரை இல்லாதவை, தாமதமாக முத்திரை விழுந்தவை, சாட்சிக் கையெழுத்து இல்லாதவை என்று பலவகை. புஷ்ஷுக்கு ஆதரவான கவுன்டிகளில் இவற்றை ஏற்கும் தாராளம் அதிகமாக இருந்தது. ராணுவத்தினரின் வாக்கைத் தள்ளுபடி செய்கிறார்கள் என்ற பழிக்கு அஞ்சி ஜனநாயகக் கட்சியும் பின்வாங்கியது. அக்கட்சியின் துணை அதிபர் வேட்பாளர் ஜோ லீபர்மேனே தொலைக்காட்சியில் வந்து, ராணுவ வாக்குகளில் சந்தேகத்தின் பலனை வாக்காளருக்குத் தரவேண்டும் என்று சொன்னார்.

குறையுள்ள 680-ஐ நீக்கினால் என்ன ஆகியிருக்கும் என்று புள்ளியியல் முறையில் கணித்த கோசுகே இமாய், கேரி கிங் ஆகிய ஆய்வாளர்கள், அப்போதும் புஷ் சுமார் 245 வாக்கில் வென்றிருக்க வாய்ப்பு அதிகம் என்று கண்டார்கள். ஆக, விதி மீறல் முடிவை மாற்றியது என்று சொல்ல முடியாது. 10 நாள் சலுகை என்ற விதி மாற்றியது என்று சொல்லலாம். இரண்டும் வெவ்வேறு குற்றச்சாட்டுகள். விதி முன்கூட்டியே எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

அந்தத் தேர்தலில் தாமத வாக்குகளைக் காப்பாற்றப் போராடியது குடியரசுக் கட்சி. இருபது ஆண்டு கழித்து அதே கட்சி தாமத வாக்குகளுக்கு எதிராக மாநிலம் மாநிலமாக வழக்கு போட்டது, ஜனநாயகக் கட்சி அவற்றைக் காப்பாற்ற நின்றது. இந்த விஷயத்தில் கட்சிகளின் கொள்கை, உறைக்குள் யாருடைய வாக்கு இருக்கக்கூடும் என்ற ஊகத்தைப் பின்தொடர்ந்தே போயிருக்கிறது. யாரையும் தனியாகக் குறை சொல்ல இடமில்லை.

2020-ல் கோவிட் காரணமாகத் தபால் வாக்கு பெருகியபோது சண்டை உச்சத்துக்குப் போனது. ஏப்ரல் 7 அன்று விஸ்கான்சினில் தேர்தல். விண்ணப்பங்கள் குவிந்து, வாக்குச்சீட்டை அனுப்பவே அலுவலகங்கள் திணறின. கூட்டாட்சி நீதிபதி ஒருவர் வருகைக் கெடுவை ஏப்ரல் 13 வரை நீட்டினார். தேர்தலுக்கு முந்தைய நாள் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்ற பெரும்பான்மையில் அதைத் திருத்தியது: 13-ம் தேதி வரை வரலாம், ஆனால் தேர்தல் நாளுக்குள் தபாலில் சேர்ந்திருக்க வேண்டும். தேர்தலுக்குப் பின் அந்த இடைவெளியில் வந்து எண்ணப்பட்டவை சுமார் 79,000. பழைய விதி நீடித்திருந்தால் அவை எண்ணப்பட்டிருக்காது. அன்று மாநில உச்ச நீதிமன்றப் பதவிக்கான போட்டியில் ஜில் கரோஃப்ஸ்கி 1,60,000-க்கும் அதிகமான வித்தியாசத்தில் வென்றதால் யாரும் அதைப் பெரிதாகப் பேசவில்லை. 2016-ல் டொனால்ட் டிரம்ப் இதே மாநிலத்தை வென்றது 23,000-க்கும் குறைவான வாக்கில் என்பதை நினைத்தால் 79,000 எவ்வளவு பெரிய எண் என்று புரியும்.

அதே ஆண்டு அக்டோபர் 26 அன்று, நவம்பர் தேர்தலுக்காக விஸ்கான்சின் கெடுவை மறுபடி நீட்டும் கோரிக்கையை உச்ச நீதிமன்றம் 5-க்கு 3 என நிராகரித்தது. அந்தத் தீர்ப்பில் இரு நீதிபதிகளின் கருத்துகள் மோதிக்கொண்ட விதம் இந்தப் பிரச்சினையின் அடியாழத்தைத் தொடுகிறது. தேர்தல் நாளுக்குப் பிறகு ஆயிரக்கணக்கான தபால் வாக்குகள் வந்து முடிவைத் தலைகீழாக்கினால் குழப்பமும் சந்தேகமும் எழும், அதைத் தவிர்க்க மாநிலங்கள் விரும்புவது நியாயமே என்றார் பிரெட் கவனா. எல்லா செல்லுபடியான வாக்குகளும் எண்ணி முடிக்கும் வரை முடிவு என்ற ஒன்றே இல்லை, இல்லாததை எப்படித் தலைகீழாக்க முடியும் என்று மறுப்புரையில் கேட்டார் எலெனா கேகன். தர்க்கப்படி கேகன் சொல்வது சரி. ஆனால் சந்தேகம் தர்க்கம் பார்த்து வருவதில்லை என்பதால் கவனாவின் கவலையையும் ஒதுக்கிவிட முடியவில்லை. அவர் பிழை செய்தது வேறு இடத்தில் என்று எனக்குப் படுகிறது. தாமதமாக வருவதையும் தாமதமாக எண்ணப்படுவதையும் மக்கள் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறார்கள். அவர் வாதம் அந்தக் குழப்பத்தைத் தீர்க்கவில்லை, வளர்த்தது.

இரண்டும் ஒன்றல்ல. பென்சில்வேனியாவில் 2020-ல் மாநில உச்ச நீதிமன்றம் வருகைக் கெடுவை மூன்று நாள் நீட்டியது. நாடே அதைப் பற்றிப் பேசியது, வழக்குகள் வாஷிங்டன் வரை போயின, தாமத வாக்குகளைத் தனியே பிரித்து வைக்க அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதி சாமுவேல் அலிட்டோ உத்தரவிட்டார். அந்த மூன்று நாளில் வந்தவை ஏறக்குறைய 10,000. ஜோ பைடனின் வெற்றி வித்தியாசம் சுமார் 80,000. முடிவு தெரிய நான்கு நாள் ஆனதற்கும் அந்த 10,000-க்கும் சம்பந்தமில்லை. ஏற்கெனவே வந்து குவிந்திருந்த 25 லட்சத்துக்கும் மேற்பட்ட தபால் வாக்குகளை, தேர்தல் நாள் காலை 7 மணிக்கு முன் பிரித்துப் பார்க்கவே மாநிலச் சட்டம் அனுமதிக்கவில்லை. நேரில் போட்ட வாக்குகள் முதலில் எண்ணப்பட்டு டிரம்ப் முன்னணியில் தெரிந்தார், தபால் வாக்குகள் எண்ண எண்ண அது கரைந்தது. குடியரசுக் கட்சியின் நிறத்தை வைத்து இதைச் சிவப்புக் கானல் என்கிறார்கள்.

கலிஃபோர்னியாவிலும் இதே கதைதான். 2018-ல் 21-வது நாடாளுமன்றத் தொகுதியில் டேவிட் வலடேயோ வென்றதாக அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் அறிவித்தது, வாரக்கணக்கில் எண்ணியபின் அறிவிப்பைத் திரும்பப் பெற்றது. அவரை எதிர்த்து நின்ற டி. ஜே. காக்ஸ் 862 வாக்கில் வென்றார். 2024-ல் 13-வது தொகுதியில் ஆடம் கிரே 187 வாக்கில் வென்றது டிசம்பர் தொடக்கத்தில்தான் உறுதியானது. இப்படித் தாமதமாக எண்ணப்படும் கலிஃபோர்னியா வாக்குகளில் பெரும்பகுதி தேர்தல் நாளன்றோ அதற்கு முன்போ கைக்கு வந்துவிட்டவை. ஒவ்வொரு உறையிலும் கையெழுத்தை ஒப்பிட்டுப் பார்க்க நேரம் பிடிக்கிறது, அவ்வளவே. வருகைக் கெடுவை முன்னே இழுத்தால் இந்தத் தாமதம் ஓரளவு குறையுமே தவிரத் தீராது.

கடுமையான கெடு என்றாலே அநீதி என்று நான் சொல்லவில்லை. கொலராடோவில் கிட்டத்தட்ட எல்லோரும் தபால் வாக்குதான். அங்கே தேர்தல் நாள் மாலை 7 மணிக்கு மேல் வந்தால் சாதாரண வாக்காளரின் வாக்கு ஏற்கப்படாது. ஆனால் வாக்குப் பெட்டிகள் ஊரெங்கும் வைத்திருக்கிறார்கள், கடைசி நாளில் தபாலை நம்பாமல் கொண்டுபோய்ப் போட்டுவிடலாம். விதி வேறு, பழக்கம் வேறு என்றாலும் வாஷிங்டன் மாநிலம் முத்திரை முறையில் இதே அளவு அமைதியாகத் தேர்தல் நடத்துகிறது. விதி நிலையாக இருந்தால் மக்கள் அதற்கேற்ப நடந்துகொள்கிறார்கள். பென்சில்வேனியாவில் மூன்று நாள் கூடுதலாகக் கிடைத்தும் 10,000 பேர் மட்டுமே அதைப் பயன்படுத்தியதற்கும், முன்கூட்டியே அனுப்புங்கள் என்று கட்சிகளும் அதிகாரிகளும் வாரக்கணக்கில் கத்தியது ஒரு காரணமாக இருக்க வேண்டும்.

சிக்கல், வாக்குச்சீட்டை அனுப்பும் தேதியும் வாங்கும் தேதியும் ஒன்றோடொன்று பொருந்தாதபோது வருகிறது. 2020 ஜூலையில் அமெரிக்க அஞ்சல் துறை 46 மாநிலங்களுக்கும் வாஷிங்டன் டிசிக்கும் கடிதம் எழுதி, உங்கள் கெடுக்கள் எங்கள் பட்டுவாடா வேகத்தோடு ஒத்துப்போகாமல் இருக்கலாம் என்று எச்சரித்தது. தேர்தலுக்குச் சில நாள் முன்பு வரை விண்ணப்பிக்கலாம் என்று ஒரு சட்டம் சொல்லும், தேர்தல் நாளுக்குள் திரும்பி வரவேண்டும் என்று அதே சட்டம் சொல்லும். போகவர ஒரு வாரம் ஆகும் தபாலில் இது நடக்காது.

தாமதம் அலுவலகத்தின் பக்கம் நடந்தாலும் தண்டனை வாக்காளருக்குத்தான். 2024-ல் ஜார்ஜியாவின் காப் கவுன்டி 3,000-க்கும் மேற்பட்டோருக்கு வாக்குச்சீட்டை உரிய நேரத்தில் அனுப்பத் தவறியது. அவர்களுக்கு மட்டும் மூன்று நாள் கூடுதல் என்று கீழ் நீதிமன்றம் சொன்னது. தேர்தலுக்கு முந்தைய நாள் மாநில உச்ச நீதிமன்றம் அதை நிறுத்திவைத்தது. கனடாவில் நடந்தது இதைவிட வேடிக்கை. 2025 ஏப்ரல் பொதுத்தேர்தலில் கெபெக்கின் டெரபோன் தொகுதியை லிபரல் கட்சி மறு எண்ணிக்கைக்குப் பின் ஒரே ஒரு வாக்கில் வென்றது. எதிர்த்து நின்ற பிளாக் கெபெக்குவா கட்சிக்குத் தபாலில் வாக்களித்த ஒருவரின் உறை அவரிடமே திரும்பி வந்திருந்தது. உறையில் அச்சிட்டிருந்த அஞ்சல் குறியீட்டில் பிழை. அச்சிட்டது தேர்தல் ஆணையம்.

அஞ்சல் முத்திரை என்ற சாட்சியும் நினைப்பது போல் உறுதியானதல்ல. எல்லா உறைகளிலும் முத்திரை விழுவதில்லை. விழுந்தாலும் அது பெட்டியில் போட்ட நாளைக் காட்டவேண்டும் என்பதில்லை, இயந்திரத்தில் முதன்முதலாகப் பிரிக்கப்பட்ட நாளாக இருக்கலாம் என்று அஞ்சல் துறையே 2025-ல் விதிகளில் தெளிவுபடுத்தியது. பிரிக்கும் நிலையங்கள் தொலைவில் இருக்கும் கிராமப்புறங்களில் இந்த இடைவெளி இன்னும் கூடும். தேர்தல் நாளன்று மாலை நம்பிக்கையோடு பெட்டியில் போட்டவருக்கு மறுநாள் தேதி விழுந்தால், சலுகை நாட்கள் எத்தனை இருந்தாலும் பயன் இல்லை. முத்திரை முறையை ஆதரிப்பவர்கள் இந்த ஓட்டையைப் பற்றி அதிகம் பேசுவதில்லை.

அண்மைக் காலத்தில் காற்று கடுமையான கெடுவின் பக்கம் வீசுகிறது. வட கரோலைனா 2023-ல் மூன்று நாள் சலுகையை நீக்கியது. 2025-ல் கான்சஸ், யூட்டா, வட டகோட்டா, ஒஹாயோ ஆகியவையும் நீக்கின. அதே ஆண்டு மார்ச்சில் டிரம்ப் பிறப்பித்த நிர்வாக ஆணையும் தேர்தல் நாளுக்குள் வருகை என்பதையே வலியுறுத்தியது. மாறாக வர்ஜீனியா, 2017-ன் சர்ச்சைக்குப் பிறகு சில ஆண்டுகளில், தேர்தல் முடிந்து மூன்றாம் நாள் நண்பகல் வரை ஏற்பது என்று மாறியது.

இதில் பெரிய வழக்கு மிசிசிப்பியிலிருந்து வந்தது. தேர்தல் நாளுக்குள் முத்திரை விழுந்த வாக்குகளை ஐந்து வேலைநாட்கள் வரை ஏற்கும் அந்த மாநிலச் சட்டம், நவம்பர் மாதத்தில் ஒரே நாளைத் தேர்தல் நாளாக நிர்ணயித்த மத்தியச் சட்டத்துக்கு முரணானது என்று 2024 அக்டோபரில் ஐந்தாவது சுற்று மேல்முறையீட்டு நீதிமன்றம் (மிசிசிப்பி உள்ளிட்ட சில மாநிலங்களுக்கான மத்திய மேல்முறையீட்டு நீதிமன்றம்) சொன்னது. 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றம் வழக்கை எடுத்துக்கொண்டது. அந்த மத்தியச் சட்டத்தின் வேர் 1845-ல் இருக்கிறது. தேர்தல் என்பது வாக்காளர் தேர்வு செய்யும் செயலா, அல்லது அந்தத் தேர்வு அதிகாரியின் கைக்கு வந்து சேர்வது வரையா என்பதுதான் கேள்வி. இரண்டாவதுதான் என்றால், பாதிப்பு சலுகை நாட்கள் தரும் மாநிலங்களோடு நிற்காது. உள்ளூர் வாக்குக்குக் கடுமையான கெடு வைத்திருக்கும் புளோரிடா, பென்சில்வேனியா போன்ற மாநிலங்களும் ராணுவத்தினருக்கும் வெளிநாட்டில் இருப்பவர்களுக்கும் தேர்தல் நாளுக்குப் பின் சில நாட்கள் தருகின்றன. 1845-ன் சட்டத்தில் அவர்களுக்கென்று தனி விலக்கு எதுவும் எழுதப்படவில்லை.